ஸ்டாப் வாட்ச்சும் சம்பா அறுப்பும்

நாற்பது வயதில், முனைவர் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்து, நான் ஒரு முன்சீப் கோர்ட்டில் மூன்று மாதம் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். விளையாட்டு வாத்தியார்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கழுத்தில் கயிறு போட்டு மாட்டியிருந்தேன். வழக்கைக் கூப்பிட்டதும் ஒரு அமுக்கு, முடிந்ததும் ஒரு அமுக்கு. வெட்கப்பட வேண்டிய விஷயம் இதுகூட இல்லை. அப்படி உட்கார்ந்திருந்த என்னை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை என்று மனப்பூர்வமாக நம்பினேன் பாருங்கள், அதுதான்.

இந்த வருஷம் நம் அரசியல் அறிவியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருப்பவர்களில் இரண்டு பேர் நீதிமன்றங்களைப் பற்றி ஆராயப் போவதாகக் கேள்வி. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அனுபவத்தை எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். புள்ளிவிவரம் எடுப்பது, அட்டவணை போடுவதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். உங்களுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது என்று பார்த்தால், நான் செய்த தவறுகள்தான் மிச்சம். அதில் பெரியதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தேசத்தின் கதவைத் திறந்தாயிற்று, முதலீடு உள்ளே வரப்போகிறது, கோர்ட்டுகள் மட்டும் ஏன் இப்படி ஊர்கின்றன என்று டெல்லியில் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கவலையில் ஒரு சொட்டு, ஆராய்ச்சி நிதி என்ற பெயரில் தஞ்சாவூர் வரைக்கும் வழிந்து வந்தது. கீழ்க்கோர்ட்டுகளில் வாய்தா ஏன் கொடுக்கிறார்கள், எத்தனை கொடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் டெல்டாவில் ஒரு தாலுகா ஊரைத் தேர்ந்தெடுத்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கல்லூரியில் மூன்று மாத ஆராய்ச்சி விடுப்பும், மாவட்ட கோர்ட்டிலிருந்து இரண்டே வரியில் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டேன்: 'இவருக்கு வேண்டிய பதிவேடுகளைக் காட்டவும்.' நான் யார் என்று அதில் இல்லை. அதைக் கவனிக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கோர்ட் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் வயல். சாட்சிக் கூண்டில் நின்றால் ஜன்னல் வழியாகப் பயிர் தெரியும். நான் நீதிபதியைப் பார்த்து உட்கார வேண்டியிருந்ததால் ஜன்னல் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முன்சீப்புக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. வக்கீல்கள் கத்தினால் அவர் இன்னும் மெதுவாகப் பேசுவார். அது காதில் விழ வேண்டுமே என்று அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பார்க்கச் சுகமாக இருக்கும். ஆனால் வாய்தா கொடுப்பதில் தாராளம். என் நோட்டில் 'வாய்தாவுக்கான காரணம்' என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். சாட்சி வரவில்லை, வக்கீலுக்குக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டே போவேன். பல வழக்குகளுக்கு எழுத ஒன்றும் இருக்காது. 'காரணம் இல்லை' என்று சிவப்பு மசியில் எழுதுவேன். சிவப்பில் எழுதும்போது ஏதோ தேசத்துக்கு நல்லது செய்கிற மாதிரி இருக்கும்.

அப்படி அதிகமாகச் சிவப்பு விழுந்த வழக்குகளில் ஒன்று பவுனம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும். ஐந்து மா நிலத்தை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, அவர் புருஷன் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். அவர் காலமான பிறகு பவுனம்மாள் செய்தார். குத்தகைப் பதிவேட்டில் இரண்டு பேர் பெயரும் இல்லை. பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. நிலத்துக்காரர் பிள்ளையோடு அமெரிக்காவில் குடியேறிவிட்டு நிலத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் பஷீர். ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறவர். அந்த அம்மாள் நிலத்தில் இறங்கக் கூடாது என்று தடை கேட்டுப் பஷீர் வழக்குப் போட்டிருந்தார்.

ஒவ்வொரு வாய்தாவிலும் பவுனம்மாளின் வக்கீல் தேவசகாயம் எழுந்து பதில் மனு போட நேரம் கேட்பார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். முன்சீப் தேதி போடுவார். ஒன்றேகால் நிமிஷம். சிவப்பு மசி.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் முன்சீப்பின் போக்கு மாறியது. வாய்தா கேட்டால் "முடியாது" என்றார். "நாளைக்கே வாதம் செய்யுங்கள்" என்றார். விடுமுறை முடிந்து திறந்ததும் இன்னும் கடுமை. தேவசகாயம் வழக்கம்போல நேரம் கேட்டு எழுந்தபோது முன்சீப் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். நான் வாட்ச்சை அமுக்கினேன். டிக் என்று சத்தம் கேட்டது. "இனி நேரம் இல்லை. நாளைக்கு உத்தரவு" என்றார். எனக்குப் பரம திருப்தி. ஒரு கீழ்க்கோர்ட் என் கண்ணெதிரே திருந்திக்கொண்டிருந்தது. காரணம் என்னவாக இருக்கும் என்று நோட்டின் ஓரத்தில் மூன்று கோட்பாடுகள் எழுதினேன். மூன்றும் வெளிநாட்டுக் கோட்பாடுகள்.

மத்தியானம் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தேவசகாயம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். எதையும் ஜெபம் மாதிரி நிதானமாகச் சொல்வார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது. ரிப்போர்ட் அனுப்பியாச்சா?"

"எந்த ரிப்போர்ட்?"

"சரி, சொல்ல வேண்டாம். உங்களுக்கும் கட்டுப்பாடு இருக்கும்."

"நான் காலேஜ் வாத்தியார்ங்க."

"அப்படித்தான் சார் சொல்லணும்."

மெல்ல விளங்கியது. கீழ்க்கோர்ட் நீதிபதிகளைக் கண்காணிக்க ஹைகோர்ட்டில் விஜிலென்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. நான் அங்கிருந்து வந்த ஆள் என்று கோர்ட் முழுக்க முடிவு செய்திருந்தது. முன்சீப், குமாஸ்தா, பெயர் கூப்பிடும் டவாலி, வாசலில் ஸ்டாம்ப் விற்கிறவர், எல்லாரும்.

"வாத்தியார்னு நான்தான் முதல் நாளே சொன்னேனே."

"சொன்னீங்க சார். ஆனா காலேஜ் வாத்தியார் எங்க சார் பத்தரைக்கு டாண்ணு வருவார்? மூணு மாசமா ஒரு நாள் லீவு போடலையே நீங்க. கழுத்துல அது வேற." வாட்ச்சைக் கண்ணால் காட்டினார். "மேலேர்ந்து லெட்டர் வேற. முன்சீப்புக்கு இந்த வருஷம் புரமோஷன் லிஸ்டுல பேரு இருக்கு. பக்கத்துக் கோர்ட்டுக்காரரைப் போன மாசம்தான் ஒரு மொட்டைக் கடுதாசிக்குத் தெற்கே எங்கேயோ தூக்கிப் போட்டாங்க. இவருக்கு அம்மா படுத்த படுக்கை. பயப்படாம என்ன செய்வார்?"

"பயந்து வேகமா தீர்ப்பு சொன்னா நல்லதுதானே?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தேவசகாயம் கடைக்கு வெளியே காட்டினார். பவுனம்மாள் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பஷீர் இரண்டு கையிலும் டீ எடுத்துக்கொண்டு போய் ஒன்றை நீட்டினார்.

"புடிங்க அக்கா, ஆறிடும்."

"கேஸையும் போட்டுட்டு டீயும் வாங்கிக் குடுக்குது பாருங்க இந்தத் தம்பி," என்றார் பவுனம்மாள், பொதுவாக மரத்தைப் பார்த்து.

"கேஸு வேற, டீ வேற அக்கா."

தேவசகாயம் என்னிடம் திரும்பினார். "நம்ம கோர்ட்டுல எழுதாத பழக்கம் ஒண்ணு இருக்கு சார். வயல் கேஸுன்னா, கதிர் நிக்கும்போது உத்தரவு போடறதில்லை. அறுத்துக் களத்துக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு தேதி போடுவாங்க. இவர் ஆரம்பிச்சதில்லை. இவருக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான். கதிர் நிக்கும்போது யார் பக்கம் உத்தரவு போனாலும் மறுநாள் வயல்ல அருவாளோட நிப்பாங்க. அறுத்துட்டா அந்த வருஷப் பாடு வீட்டுக்கு வந்துடும். அதுக்குப் பிறகு தோத்தாலும் உசிரோட தோப்பாங்க. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். அதனாலதான் ஆட்சேபம்னு சொல்லிட்டு உக்காந்துடுவார்."

நான் எழுதிய சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முந்தைய வருஷங்களின் பதிவேடுகளையும் பார்த்து ஒரு வரைபடம் போட்டிருந்தேன். மார்கழியிலும் தையிலும் வாய்தா மலை மாதிரி எழும்பி நின்றது. பொங்கலை ஒட்டிய பண்டிகை மனநிலையால் நீதித்துறையில் ஏற்படும் தொய்வு என்று விளக்கமும் எழுதி, ஒரு கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருந்தேன். பிறந்து வளர்ந்தது பாபநாசம் பக்கம். மூன்று வேளையும் சாப்பிட்டது சோறு. அது எந்த மாதத்தில் வயலை விட்டு வீட்டுக்கு வருகிறது என்று யோசிக்க முனைவர் பட்டம் தடையாக இருந்திருக்கிறது.

பவுனம்மாளைக் கூப்பிட்டார் தேவசகாயம். அவர் வந்து தள்ளியே நின்றார்.

"இருவது நாளு ஐயா," என்றார் என்னிடம். "இருவதே நாளு. மணி முத்திக்கிட்டு இருக்கு. ஆவணியில நாத்து விட்டது. நாளைக்கு ஆடரு போட்டுட்டா வரப்புல கால் வைக்க முடியாது. அப்படியே நின்னு உதுந்து போயிரும்."

பஷீரும் வந்துவிட்டார். "எனக்கும் ஆசையா சார்? பத்து நாள்ல ஃப்ளைட். லீவு முடிஞ்சா முடிஞ்சதுதான். நான் இருக்கும்போதே கல்லு ஊனி வேலி போட்டாத்தான் உண்டு, இல்லைன்னா அடுத்த லீவுக்கு ரெண்டு வருஷம். பதினாலு வருஷம் அங்க கெடந்து வாங்குன இடம்." பொய்யில்லை. அவர் கையில் விசா காலண்டர், பவுனம்மாள் கையில் பயிர்க் காலண்டர். முன்சீப் இதுவரை எந்தக் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

"நான் நாளைக்கு வராம இருந்துடறேன்," என்றேன்.

"இன்னும் மோசம் சார். ரிப்போர்ட் எழுதப் போயிட்டார்னு நினைச்சு காலையிலேயே உத்தரவு போட்டுருவார்."

"அவரை நேரில் பார்த்து, நான் விஜிலென்ஸ் இல்லைன்னு..."

"விஜிலென்ஸ் இல்லைன்னு வீடு தேடி வந்து சொல்றவர் யாரா இருப்பார்னு நினைப்பார்?"

அதோடு, வழக்கு நடக்கும்போது நீதிபதியை அறையில் போய்ப் பார்ப்பது முறையே இல்லை. சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழி முழுக்க வயல். எல்லாம் தலை சாய்ந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சியாளன் ஆராயும் இடத்தில் தலையிடக் கூடாது என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையிட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி நான் செய்யக்கூடியது, என் தலையீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும். நான் யாரோ அவனாகவே அந்தக் கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். அதற்கு என்னிடம் அத்தாட்சி என்று இருந்தது இரண்டாம் ஆண்டு மாணவர்கள்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இரண்டு விடுதிகளுக்கும் போனேன். காலை எட்டு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு, வராதவர்களுக்கு வருகைப் பதிவு இல்லை என்று சொன்னேன். இருபத்தைந்து பேர் போல வந்தார்கள். முதல்வரிடம் அனுமதி மறுநாள்தான் வாங்கினேன்.

கோர்ட் வராந்தாவில், முன்சீப்பின் அறை ஜன்னலுக்கு நேராக நிறுத்தி வருகைப் பதிவு எடுத்தேன். "எஸ் சார்", "எஸ் சார்". வராத ஒருவனுக்காக வேறொருவன் குரல் மாற்றி "எஸ் சார்" என்றான். நான் கத்தினேன். அவன் தானில்லை என்று சாதித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அறைக்குள்ளே காகிதம் புரளும் சத்தம் நின்றது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அதிகாரப் பிரிவினை பற்றித் தணிந்த குரலில் விளக்க ஆரம்பித்தேன். அதில் நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. ஒருவன் பக்கத்திலிருந்த கட்சிக்காரரின் தோளில் சாய்ந்து தூங்கிப் போனான். அந்தக் கட்சிக்காரர் அவன் விழுந்துவிடாமல் கொஞ்சம் நகர்ந்து தோளைக் கொடுத்தார்.

"யாரது பின்னால?" என்றார் முன்சீப்.

நான் எழுந்தேன். "கல்லூரி மாணவர்கள்ங்கய்யா. அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு."

அவர் என்னை விட்டுவிட்டு முன் வரிசைப் பெண் ஒருத்தியைப் பார்த்தார். மலர்விழி என்று பெயர். "இவர் யாரும்மா?"

"எங்க சார்ங்கய்யா."

"என்ன எடுக்கிறார்?"

அவள் தோழியைப் பார்த்தாள். தோழி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். "கடைசி பீரியட் எடுப்பார்ங்கய்யா."

"என்ன சொல்லிக் கொடுத்தார்?"

"நோட்ஸ் குடுப்பார்ங்கய்யா."

கோர்ட் சிரித்தது. டவாலிகூடச் சிரித்துவிட்டு "அமைதி" என்றார். முன்சீப் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முதுகு அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன். அளப்பதற்கு வாட்ச் வைத்திருந்தவன், அதைக் கவனிக்கவில்லை.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"திருத்துறைப்பூண்டி பக்கம்ங்கய்யா."

"அறுப்பு ஆயிடுச்சா?"

"இல்லைங்கய்யா. இந்த வருஷம் தண்ணி லேட்டு, நடவும் லேட்டு. இன்னும் இருவது நாளாவது ஆகும்ங்கய்யா." இந்தக் கேள்விக்கு அவள் தோழியைப் பார்க்கவில்லை.

"உக்காரும்மா."

பவுனம்மாளின் வழக்கைக் கூப்பிட்டார்கள். தேவசகாயம் நேரம் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த முறை ஆட்சேபம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை. பஷீரின் லீவைப் பற்றி முழுசாகச் சொன்னார். முன்சீப் முழுசாகக் கேட்டார். பிறகு பஷீரையே பார்த்து, "பவர் எழுதிக் கொடுத்துட்டுப் போகக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

"தம்பி இருக்கான்ங்கய்யா."

"பிப்ரவரி பதினொண்ணு."

நான் வாட்ச்சை அமுக்க மறந்துபோனேன். நோட்டில் அந்த வழக்குக்கு நேரம் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. பக்கத்துப் பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, காரணம் நன்றாகத் தெரிந்த நிலையில், 'காரணம் இல்லை' என்று எழுதினேன்.

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் சட்டத்தைப் பார்க்காமல் பயிரைப் பார்த்துத் தேதி போடும் ஒரு நீதிபதி என்று அச்சாகியிருக்கும். அடுத்த வாரம் நிஜமான விஜிலென்ஸ் வந்திருக்கும். பொங்கல் விளக்கமே அச்சுக்குப் போனது. இன்றும் யாராவது அதை மேற்கோள் காட்டிவிட்டு மறுக்கிறார்கள். மறுப்பவர்கள் சொல்வது சரி. இப்போது சொல்வதற்குக் காரணம், அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது, அந்தக் கட்டடமும் இல்லை.

வாய்தா நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதே கோர்ட்டில், அதே மெல்லிய குரலிடம் தேதி வாங்கி வாங்கிக் கடையை இழந்த ஒருவர் இருந்தார். அவருக்கு எந்தப் பயிரும் காரணம் இல்லை, வெறும் சோம்பல்தான். சிவப்பு மசி இரண்டுக்கும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்பதுதான் என் புகார். நீங்கள் கோர்ட்டில் உட்காரும்போது ஜன்னல் தெரிகிற மாதிரி உட்காருங்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எதை அச்சிடவில்லை என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முன்சீப்பை அடுத்த கோடையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். புரமோஷனோடுதான். "என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். "நல்லது," என்றார். "சரியா எழுதிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு." வழக்கு அதற்கப்புறமும் நடந்தது. பஷீர் அடுத்த லீவில் வந்தபோது சமரசமாகி இரண்டு மா பவுனம்மாளுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். டீயும் குடித்திருப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது அதற்கெல்லாம் முன்னால் நடந்தது. தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அந்த வயலில் அறுப்பு என்று தேவசகாயம் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆராய்ச்சி சம்பந்தமாக என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் பவுனம்மாள் நன்றி சொல்வார், நான் அடக்கமாக மறுக்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போனேன்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பவுனம்மாள் என்னைப் பார்த்ததும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்புக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயாவா. வாங்க. அறுத்துட்டோம் பாருங்க."

"நான் ஒண்ணும் பெரிசா செஞ்சிடலைங்க," என்றேன், கொஞ்சம் அவசரப்பட்டு.

"ஆமாங்கய்யா," என்றார். பிறகு நெற்கட்டுகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "தை இருவத்தெட்டு மறுபடி வாய்தா. அன்னிக்கு ஐயா வேற ஏதாச்சும் ஊருக்குப் போயிருங்க."